ஒஹையோ ஸ்டேட் 2024: சொந்த கான்ஃபரன்ஸில் நான்காவது இடம், கடைசியில் தேசிய சாம்பியன். எப்படி?

புதுப்பார்வை

வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பாலில் டவுன், யார்டு, டச்டவுன், ஃபீல்டு கோல் வரைக்கும் பிடிபட்டுவிட்டது. கல்லூரி ஆட்டங்களின் முழுப் பதிவுகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். 2024 சீசனில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் முடிவுகளைத் தாளில் வரிசையாக எழுதினால் கணக்கு இடிக்கிறது.

முதல் ஐந்து ஆட்டத்தை ஊதித் தள்ளியிருக்கிறார்கள்: ஏக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிஷிகன் 56-0, மார்ஷல் 49-14, மிஷிகன் ஸ்டேட் 38-7, ஐயோவா 35-7. அக்டோபர் 12 அன்று ஓரிகனில் போய் 31-32 என்று தோல்வி. நெப்ராஸ்காவைத் தட்டுத்தடுமாறி 21-17 என்று வென்றார்கள். பென் ஸ்டேட்டில் 20-13. அப்புறம் பர்டூ 45-0, நார்த்வெஸ்டர்ன் 31-7, இந்தியானா 38-15. நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 10-13. அந்த மிஷிகன் அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி என்று இருந்த அணி! அதன் பிறகு டென்னஸி 42-17, ஓரிகன் 41-21, டெக்ஸஸ் 28-14, நோட்ர டேம் 34-23. கோப்பை.

எனக்குத் தெரிய வேண்டியவை: இரண்டு தோல்வியோடு பிளேஆஃபுக்குள் (தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்அவுட் சுற்று) எப்படி வந்தார்கள்? மிஷிகனிடம் ஏன் 10 புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை? அக்டோபரில் 32 புள்ளி கொடுத்த அதே ஓரிகனை ஜனவரியில் எப்படிக் கட்டிப்போட்டார்கள்? பதிவைப் பார்க்கும்போது பந்தைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பைவாரம்

முதல் கேள்விக்கு நான். இது விதிமுறை விவகாரம்.

2023 வரை பிளேஆஃபில் 4 அணிதான். 12 அணி முறை வந்த முதல் சீசன் 2024. தேர்வுக் குழுவின் கடைசித் தரவரிசையில் ஒஹையோ ஸ்டேட் 6-ஆவது இடம். பழைய முறையாக இருந்திருந்தால் மிஷிகன் ஆட்டத்தோடு கடையை மூடியிருப்பார்கள்.

அப்போதைய விதிப்படி 12 இடங்களில் 5 இடம் கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) சாம்பியன்களுக்கு (சாம்பியன்களில் தரவரிசையில் முன்னால் இருக்கும் ஐவர்). மீதி 7 இடம் தரவரிசைப்படி. அந்த வருஷம் இதில் ஒரு கோணல் இருந்தது. முதல் 4 சீடும் (பிளேஆஃப் வரிசை எண்) சாம்பியன்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் தரவரிசையில் 9-ஆவது இருந்த பாய்சி ஸ்டேட்டுக்கு 3-ஆவது சீட், 12-ஆவது இருந்த அரிஸோனா ஸ்டேட்டுக்கு 4-ஆவது சீட். 6-ஆவது இருந்த ஒஹையோ ஸ்டேட் 8-ஆவது சீடுக்கு இறங்கியது. 16-ஆவது இருந்த கிளெம்சன் தன் கான்ஃபரன்ஸை வென்றதால் உள்ளே வந்தது, 11-ஆவது இருந்த அலபாமா வெளியே நின்றது.

இதில் உண்மையாக அடிபட்டது ஓரிகன்தான். 13 ஆட்டமும் வென்று 1-ஆவது சீட் வாங்கிய அணிக்குக் கிடைத்த முதல் எதிராளி, 8-ஆவது சீட் என்ற பெயரில் வந்த ஒஹையோ ஸ்டேட். முதல் 4 சீட் என்பதால் முதல் சுற்று ஓய்வு பெற்ற நான்கு அணிகளுமே தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. அடுத்த வருஷமே விதியை மாற்றி, தரவரிசை எதுவோ அதுவே சீட் என்று ஆக்கிவிட்டார்கள்.

நான்காவது இடக் கணக்கு இது: ஒஹையோ ஸ்டேட்டின் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் 2024 முதல் 18 அணி. பிரிவுகள் கிடையாது, 9 கான்ஃபரன்ஸ் ஆட்டம், முதல் இருவர் இறுதிக்கு. ஓரிகன் 9-0, பென் ஸ்டேட்டும் இந்தியானாவும் 8-1, ஒஹையோ ஸ்டேட் 7-2. நடுவில் இருக்கும் இரண்டு அணிகளையும் ஒஹையோ ஸ்டேட் நேரடியாக வென்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மிஷிகனை வென்றிருந்தால் டிசம்பர் 7 அன்று ஓரிகனோடு இன்னொரு ஆட்டம் ஆடியிருப்பார்கள். தோற்றதால் நவம்பர் 30-லிருந்து டிசம்பர் 21 வரை முழுசாக மூன்று வாரம் ஓய்வு. அடிபட்ட லைனுக்கு (பந்தை எறிபவரைக் காக்கும் முன்வரிசை ஐவருக்கு) அது சும்மா கிடைத்த மருந்து.

ஐவர்_வரிசை

பந்தைத் தவிர எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். முன்வரிசையைப் பாருங்கள். இந்தச் சீசனின் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

திட்டமிட்ட வரிசை இடமிருந்து வலமாக (லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர், ரைட் கார்டு, ரைட் டேக்கிள்; அடைப்புக்குறியில் சட்டை எண்): ஜோஷ் சிமன்ஸ் (71), டோனவன் ஜாக்சன் (74), சென்டர் செத் மெக்லாக்ளின், டெக்ரா ஷபோலா (77), ஜோஷ் ஃபிரையர் (70). அக்டோபர் 12 ஓரிகன் ஆட்டத்தில் சிமன்ஸுக்கு முழங்கால் போனது. சீசன் முடிந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் வலது கைக்காரர். எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் காக்கிறவர்தான் லெஃப்ட் டேக்கிள். அந்த ஆள் போய்விட்டால் குவார்ட்டர்பேக்குக்குக் கால் தரையில் நிற்காது.

நெப்ராஸ்கா ஆட்டத்தில் மாற்று ஆளாக ஸென் மிஹால்ஸ்கியை இறக்கினார்கள். அவர் திணறினார், அந்த ஆட்டத்திலேயே அவருக்கும் அடி. 21-17 என்ற ஸ்கோருக்கு முக்கியக் காரணம் இதுதான். அடுத்த வாரம் பென் ஸ்டேட். எதிரே அப்துல் கார்ட்டர், பின்னர் 2025 டிராஃப்டில் (தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 3-ஆவதாக எடுக்கப்பட்டவர். அவருக்கு எதிரே கார்டு ஜாக்சனை வெளியே நகர்த்தி லெஃப்ட் டேக்கிளாக நிறுத்தினார்கள். அவர் விட்ட இடத்தில் கார்சன் ஹின்ஸ்மன் (75).

கார்டும் டேக்கிளும் பக்கத்துப் பக்கத்து இடம்தானே என்று தோன்றும். வேலை வேறு. கார்டுக்கு இருபுறமும் சொந்த ஆள் உண்டு. ஒருவன் தப்பினாலும் பக்கத்தில் இருப்பவன் பிடிப்பான். டேக்கிளுக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. ஓடி வருகிறவன் வெளியே சுற்றலாம், திடீரென்று உள்ளே வெட்டலாம். இவர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். முதல் அடி அரை நொடி பிந்தினால் இடுப்பு திரும்பிவிடும், உள்வழி திறந்துவிடும். பென் ஸ்டேட் ஆட்டத்தில் ஜாக்சன் கார்ட்டரிடம் அடி வாங்கியதையும், ரோஸ் போலில் (ஜனவரி ஓரிகன் ஆட்டம்) அதே ஜாக்சன் எப்படி நிற்கிறார் என்பதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 74-ஆம் எண்ணின் கால்களை மட்டும் பார்த்தால் போதும்.

அத்தோடு முடியவில்லை. இந்தியானா ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் மெக்லாக்ளினுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அந்த வருஷத்துச் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய இழப்பு. ஹின்ஸ்மன் சென்டருக்கு நகர்ந்தார், லெஃப்ட் கார்டில் லூக் மாண்ட்கோமரியும் ஆஸ்டின் சியர்வெல்டும். ஆக மிஷிகன் ஆட்டத்துக்கு வரும்போது லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர் மூன்று இடத்திலும் திட்டமிட்ட ஆள் இல்லை. ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் எதிராளி நிற்பதைப் பார்த்து ‘இவனை நீ எடு, அவனை நான் எடுக்கிறேன்’ என்று வரிசைக்குச் சொல்கிறவர் சென்டர். அந்த ஆளே மாறியிருக்கிறார்.

மூன்றாம்டவுன்

லைன் விஷயம் சரி, ஆனால் மிஷிகன் தோல்வியை முழுக்க லைன் தலையில் கட்ட முடியாது. அங்கே தவறு ஆட்டத் திட்டத்தில்.

மிஷிகனின் பலம் என்ன? நடுவில் நிற்கும் இரண்டு டிஃபென்ஸிவ் டேக்கிள்கள், மேஸன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். இருவரும் 2025 டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்கள். பலவீனம் என்ன? அவர்களுடைய முதல்தரக் கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காக்கிறவர்) வில் ஜான்சன் காயத்தில் ஆடவில்லை. எதிரே ஒஹையோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேக்கா எக்புக்கா, கார்னெல் டேட் என்று மூன்று ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்). குழந்தைக்குக்கூட எங்கே போக வேண்டும் என்று தெரியும். அவர்களோ முதல் டவுன், இரண்டாம் டவுன் என்று நடுவிலேயே போய் முட்டினார்கள். 26 ஓட்டத்தில் 77 யார்டு. ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட வரவில்லை.

ஏன் முட்டினால் போகாது என்று பாருங்கள். நடுவழி ஓட்டத்தில் சென்டரும் கார்டும் சேர்ந்து எதிரே இருக்கும் பெரிய ஆளைத் தள்ள வேண்டும். அவன் நகர்ந்ததும் இருவரில் ஒருவர் கழன்று மேலே போய் லைன்பேக்கரை (எதிர் முன்வரிசைக்குப் பின்னே நிற்பவர்) மறிக்க வேண்டும். கிராண்ட் மாதிரி ஆளுக்கு இருவரும் கடைசிவரை தேவைப்பட்டால் கழன்று போக ஆள் இல்லை. லைன்பேக்கர் கைவீசிக்கொண்டு வந்து இரண்டாவது யார்டில் பிடிப்பான். அதன் பிறகு மூன்றாம் டவுனுக்கு 7, 8 யார்டு. அப்போது எறிந்தே ஆக வேண்டும், அது எதிராளிக்கும் தெரியும். ஹவர்ட் 33 எறிதலில் 19-ஐச் சேர்த்தார், வெறும் 175 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிராளி இடைமறித்துப் பிடித்தது). அவற்றில் ஒன்று சொந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். மிஷிகனின் ஒரே டச்டவுன் அதிலிருந்து வந்தது.

டிஃபென்ஸை (தடுக்கும் பதினொருவரை) குறை சொல்ல வழியே இல்லை. மிஷிகன் எறிந்து எடுத்தது மொத்தம் 62 யார்டு.

இன்னொரு சந்தேகம் எனக்கு உண்டு. பென் ஸ்டேட் ஆட்டத்தின் கடைசி 5 நிமிடம் 13 நொடியை ஒஹையோ ஸ்டேட் எறியாமல் ஓடியே கரைத்தது. சொந்த எல்லைக்கோட்டுக்கு முன்னாலிருந்து தொடங்கி, தொடர்ந்து 11 ஓட்டம். பார்க்க அழகாக இருந்தது. அந்த ருசிதான் மிஷிகன் ஆட்டத்தில் காலை வாரியது என்று நினைக்கிறேன். மிஷிகனிடம் அதற்கு முன் தொடர்ந்து மூன்று வருஷம் தோற்றிருந்தார்கள். ‘முரட்டுத்தனத்தில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை’ என்று காட்டப் போய், கையில் இருந்த நல்ல ஆயுதத்தை உறையிலேயே விட்டுவிட்டார்கள்.

கம்பத்துக்கு_வெளியே

கிக்கரை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. ஜேடன் ஃபீல்டிங் அந்த ஆட்டத்தில் 40 யார்டுக்குள் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டார். எதிர்ப்பக்கம் டொமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து ஒன்றைப் போட்டார், 45 நொடி மீதமிருக்கையில் 21 யார்டிலிருந்து வெற்றிப் புள்ளியையும் போட்டார். 3 புள்ளி வித்தியாசத் தோல்வியில் 6 புள்ளி கம்பத்துக்கு வெளியே போயிருக்கிறது. மூன்றாம்டவுன் சொன்ன திட்டத் தவறு உண்மைதான். ஆனால் இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தாலே கதை கூடுதல் நேரம் வரை போயிருக்கலாம், இன்று அந்தத் திட்டத்தைப் பற்றி யாரும் இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம்டவுன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்த அணி கிக்கரை நம்பி நிற்கும் நிலைக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சரி, பிறகு என்ன மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் மாறவில்லை. அதே லைன், அதே குவார்ட்டர்பேக், அதே அஃபென்ஸ் (தாக்கும் பக்கம்) பயிற்சியாளர் சிப் கெல்லி. டென்னஸி ஆட்டத்தில் முதல் டவுனிலேயே ஸ்மித்தைத் தேடி எறிந்தார்கள். ஹவர்ட் 29 எறிதலில் 24, 311 யார்டு. முதல் குவார்ட்டர் முடிவில் 21-0. எறிதல் முதலில் வந்ததால் டென்னஸியின் சேஃப்டிகள் (ஆழத்தில் கடைசி அரணாக நிற்பவர்கள்) பின்னே நகர வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு ஆள் குறைந்ததும் அதே மாற்று லைனுக்குப் பின்னால் ட்ரெவேயன் ஹெண்டர்சனும் குவின்ஷான் ஜட்கின்ஸும் ஆளுக்கு இரண்டு டச்டவுன் ஓடினார்கள். ஓடி வழி திறந்து எறிவது பழைய பாடம். இங்கே எறிந்து வழி திறந்து ஓடினார்கள், அவ்வளவுதான்.

பெட்டிக்குள்_எட்டுப்பேர்

ஓரிகன் கேள்விக்கு வருகிறேன். அக்டோபர் ஆட்டத்தில் ஓரிகன் எடுத்தது 496 யார்டு. குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியலை ஒரு முறைகூடப் பின்னால் பிடித்து வீழ்த்தவில்லை, அதாவது சாக் பூஜ்யம். அவர் 341 யார்டு எறிந்தார். நான்கு பேரை மட்டும் அனுப்பி அழுத்தம் தரப் பார்த்தார்கள், வரவில்லை. பின்னால் கார்னர்பேக் டென்ஸல் பர்க் தனியாக நின்று நீண்ட பந்துகளுக்கு மாட்டிக்கொண்டார். ஓரிகன் ரிசீவர் எவான் ஸ்டூவர்ட் அவர் பக்கம்தான் திரும்பத் திரும்பப் போனார். முன்னே அழுத்தம் இல்லாதபோது பின்னே எவ்வளவு நல்ல கார்னர் நின்றாலும் நான்கு நொடிக்கு மேல் தாங்க மாட்டான்.

அடுத்த வாரம் ஆட்டம் இல்லாத வாரம். டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸ் அதில்தான் கைவைத்தார். நீங்கள் பதிவில் பார்க்க வேண்டியது மூன்று பேரை. சேஃப்டி கேலப் டவுன்ஸ் (2): முதல் பாதிச் சீசனில் பெரும்பாலும் ஆழத்தில் நின்றவர், பிறகு அடிக்கடி முன்னே, லைன்பேக்கர் தூரத்தில் வந்து நிற்பார். சன்னி ஸ்டைல்ஸ் (6): சேஃப்டியாக இருந்து அந்த வருஷம் லைன்பேக்கரானவர், அதனால் ஓட்டத்தையும் பிடிப்பார், ரிசீவரோடும் ஓடுவார், பாய்ந்தும் வருவார். மூன்றாவது கோடி சைமன் (0), அவரும் லைன்பேக்கர். இவர்களில் யார் பாயப் போகிறார், யார் பின்வாங்கப் போகிறார் என்று ஸ்னாப் வரைக்கும் தெரியக் கூடாது என்பதுதான் மாற்றத்தின் சாரம். எதிர் லைன் ஐவரும் யாரை எடுப்பது என்று கணக்குப் போடும்போது, வருவான் என்று நினைத்தவன் பின்வாங்குவான், நினைக்காதவன் வந்துவிடுவான்.

பலன் உடனே தெரிந்தது. பென் ஸ்டேட்டின் அஃபென்ஸ் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. அவர்களுடைய 13 புள்ளியில் ஒரே டச்டவுன் ஹவர்டின் பந்தை இடைமறித்து ஓடியது. நான்காம் குவார்ட்டரில் 3 யார்டு கோட்டிலிருந்து நான்கு வாய்ப்பு கிடைத்தும் உள்ளே போக முடியவில்லை. அந்த நாலு வாய்ப்பையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். டைலீக் வில்லியம்ஸ் (91), டை ஹாமில்டன் (58) இருவரும் தாழ்வாகப் புகுந்து எதிர் லைனின் காலடியை அடைத்துவிடுகிறார்கள், ஓடுகிறவனுக்கு மேலே தாவவும் வழியில்லை, பக்கத்தில் நுழையவும் வழியில்லை.

சீசன் முடிவில் ஆட்டத்துக்கு 12.9 புள்ளி மட்டும் கொடுத்த டிஃபென்ஸ் இது, நாட்டிலேயே முதலிடம். ஜனவரி 1 ரோஸ் போலில் அதே கேப்ரியலுக்கு 8 சாக். இரண்டாம் குவார்ட்டரிலேயே 34-0. ஓரிகனின் ஓட்டக் கணக்கு மைனஸ் 23 யார்டு.

புதுப்பார்வை

அனைவருக்கும் நன்றி. மைனஸ் 23 என்பது எழுத்துப் பிழையா? ஓடி ஓடிப் பின்னாலேயே போனார்களா?

பைவாரம்

பிழை இல்லை. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் சாக் வாங்கி இழக்கும் யார்டு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும். என்எஃப்எல்-இல் எறிதல் கணக்கில் கழிப்பார்கள். 8 சாக் என்றால் அதுவே பெரிய கழிவு. அதனால் கல்லூரி அணியின் ஓட்ட யார்டைப் பார்க்கும்போது, பக்கத்தில் சாக் எத்தனை என்று பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். சாக்கைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் அன்று ஓரிகன் ஓடிக் கிழித்தது ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

அக்டோபர் ஓரிகன் ஆட்டத்தின் கடைசி 10 நொடியையும் பார்த்துவிடுங்கள். ஓரிகன் விதிக்கு மேல் ஒருவராக 12 பேரைக் களத்தில் நிறுத்தியது. ஒஹையோ ஸ்டேட்டின் எறிதல் தவறியது, கடிகாரத்தில் 6 நொடி மீதம். தண்டனை 5 யார்டு, ஆனால் போன 4 நொடி திரும்பி வராது! எதிராளிக்கு நேரம்தான் உயிர் என்ற இடத்தில் 5 யார்டு கொடுத்து 4 நொடி வாங்கியது லாபமான வியாபாரம். அடுத்த நகர்விலேயே ஹவர்ட் ஓடிச் சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரம் பூஜ்யம். கூடுதல் ஆள் நின்றது தற்செயல் இல்லை என்று தோன்றும்படிதான் ஓரிகன் பயிற்சியாளர் டான் லானிங்கும் பின்னர் பேசினார். அடுத்த வாரமே என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) ஓட்டையை அடைத்தது: கடைசி 2 நிமிடத்தில் இப்படி நடந்தால், தண்டனையோடு கடிகாரத்தைப் பழைய நேரத்துக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை பந்து வைத்திருக்கும் அணிக்கு.

ஐவர்_வரிசை

அந்த ஓட்டையை மட்டும் பேசி ஒஹையோ ஸ்டேட் ரசிகர்கள் ஆறுதல் தேடுவார்கள். அதற்குச் சற்று முன்னால் ஸ்மித் கார்னரைத் தள்ளிய தண்டனைதான் அவர்களை ஃபீல்டு கோல் தூரத்திலிருந்து வெளியே இழுத்தது. அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாலாம்முயற்சி

பிளேஆஃபின் கடைசி இரண்டு ஆட்டத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன். ரோஸ் போலை எல்லாரும் கொண்டாடுவார்கள். படிக்க வேண்டிய ஆட்டம் டெக்ஸஸோடு ஆடிய காட்டன் போல்.

ரோஸ் போலில் ஸ்மித் 7 பந்தில் 187 யார்டு எடுத்ததை டெக்ஸஸ் பார்த்தது. அவர்மேல் எந்நேரமும் இரண்டு பேரைப் போட்டது. ஸ்மித்துக்கு அன்று ஒரே பந்து, 3 யார்டு. ஒருவர்மேல் இருவர் என்றால் வேறெங்கோ ஒருவர் குறைவு. அந்தக் குறைவை முதல் பாதி முடிய 29 நொடி இருக்கையில் கண்டுபிடித்தார்கள். டெக்ஸஸ் ஆட்களை முன்னே பாய விட்டது. ஹவர்ட் அவர்கள் தலைக்கு மேலாக ஹெண்டர்சனுக்குச் சின்னதாக ஒரு ஸ்கிரீன் எறிந்தார். முன்னால் லைன் ஆட்கள் வழி விலக்கினார்கள், 75 யார்டு, டச்டவுன். ஸ்கிரீன் பலிக்க வேண்டுமானால் லைன் முதலில் தோற்பதுபோல் ஆளை உள்ளே விட வேண்டும். சீக்கிரம் விட்டால் குவார்ட்டர்பேக் மாட்டுவார், தாமதமாக விட்டால் எதிராளி மோப்பம் பிடித்துவிடுவான்.

கடைசிக் கட்டம் 21-14. டெக்ஸஸ் 1 யார்டு கோட்டில், முதல் டவுன். நடுவில் ஒரு முட்டல், நகரவில்லை. இரண்டாம் டவுனில் பந்தைப் பக்கவாட்டில் வீசி வெளியே சுற்றப் பார்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் பிடிபடாத முடிவு. வேண்டியது 1 யார்டு, வீச்சில் பந்து பின்னே போவது பல யார்டு. ஓரத்தில் ஒரே ஒரு ஆள் மறிப்பை உடைத்தாலும் மொத்தமும் நஷ்டம். நடந்ததும் அதுதான், 7 யார்டு பின்னே. மூன்றாவது எறிதல் வீண். நான்காம் டவுனில் ஜாக் ஸாயர் (33) குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து 83 யார்டு ஓடினார். 28-14. அந்த வீச்சு மட்டும் இல்லாவிட்டால் நான்காம் டவுனில் 8 யார்டு தேவைப்பட்டிருக்காது, ஸாயருக்குக் குவார்ட்டர்பேக்கை எட்ட அவ்வளவு நேரமும் கிடைத்திருக்காது.

ஜனவரி 20 அட்லாண்டா இறுதியில் நோட்ர டேமின் முதல் முயற்சியை (பந்து கையில் இருந்த தொடர்) தவறவிடாதீர்கள்: 18 நகர்வு, 75 யார்டு, 9 நிமிடம் 45 நொடி, டச்டவுன். ஒஹையோ ஸ்டேட்டுக்குப் பந்தே கொடுக்காமல் ஆட்டத்தைச் சுருக்கும் திட்டம். நல்ல திட்டம்தான், எதிரணி நடுநடுவே நின்றால். ஹவர்ட் தன் முதல் 13 எறிதலையும் சேர்த்துவிட்டார். முதல் நான்கு முயற்சியும் டச்டவுன். அப்புறம் ஒரு ஃபீல்டு கோல், 31-7. நோட்ர டேம் விடாமல் ஏறி 31-23 வரை வந்தது. மூன்றாம் டவுன், 11 யார்டு வேண்டும், பந்து ஒஹையோ ஸ்டேட்டின் 34-இல். பத்திரமாக ஓடி நேரத்தைக் கரைப்பார்கள் என்றுதான் பெரும்பாலானோர் எதிர்பார்த்திருப்பார்கள். ஸ்மித்துக்கு எதிரே ஒரே ஒரு கார்னர். நீளமாக எறிந்தார்கள், 56 யார்டு. மிஷிகன் ஆட்டத்தில் உறையில் கிடந்த ஆயுதம் என்று மூன்றாம்டவுன் மேலே சொன்னாரே, அது இதுதான். 26 நொடி இருக்கையில் ஃபீல்டு கோலைப் போட்டு முடித்தவர் அதே ஃபீல்டிங்.

பெட்டிக்குள்_எட்டுப்பேர்

ஒரு விஷயம் விட்டுப்போனது, பணம். வீரர்கள் தங்கள் பெயருக்கும் படத்துக்கும் காசு வாங்கலாம் என்று 2021 ஜூலையில் வந்த பிறகு அணி கட்டும் முறையே மாறிவிட்டது. இந்த அணிக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் என்று ஒஹையோ ஸ்டேட்டின் விளையாட்டு இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால், வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம்: ஹவர்ட் கேன்ஸஸ் ஸ்டேட்டிலிருந்து, ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து, டவுன்ஸும் மெக்லாக்ளினும் அலபாமாவிலிருந்து. என் கணக்கில் அதைவிட முக்கியம், 2024 டிராஃப்டுக்குப் போகாமல் தங்கியவர்கள்: ஸாயர், ஜேடி டூயிமோலோவா, எக்புக்கா, ஹெண்டர்சன், பர்க், வில்லியம்ஸ், ஜாக்சன். ஜாக்சன் தங்கியிருக்காவிட்டால் ஐவர்_வரிசை எழுதிய லெஃப்ட் டேக்கிள் மாற்றத்துக்கு ஆளே இல்லை. அடுத்த வசந்தத்தில் இந்த அணியிலிருந்து 14 பேர் டிராஃப்டில் எடுக்கப்பட்டார்கள். நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கும் கெல்லி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கும் போய்விட்டார்கள்.

புதுப்பார்வை

இப்போது பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்கிறேன்: அக்டோபர் ஓரிகன், பென் ஸ்டேட், மிஷிகன், ரோஸ் போல், காட்டன் போல், இறுதி. ஒரு சின்ன சந்தேகம். 2-ஆம் எண் சேஃப்டி கேலப் டவுன்ஸ் என்றீர்கள். நான் போட்டுப் பார்த்த பதிவில் 2-ஆம் எண் ரிசீவராக ஓடி டச்டவுன் பிடிக்கிறாரே?

ஐவர்_வரிசை

அது எக்புக்கா. கல்லூரி அணியில் ஆள் அதிகம், எண் 0 முதல் 99 வரைதான், அதனால் இருவருக்கு ஒரே எண் கொடுக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. பந்து ஒஹையோ ஸ்டேட்டிடம் இருந்தால் 2 எக்புக்கா, எதிரணியிடம் இருந்தால் 2 டவுன்ஸ். இந்தியானா ஆட்டத்தில் பண்ட்டை (எதிரணி உதைத்து அனுப்பிய பந்து) பிடித்து 79 யார்டு ஓடி டச்டவுன் போட்ட 2-ம் டவுன்ஸ்தான், அந்த இடத்தில் மட்டும் குழம்பிவிடாதீர்கள்.